தாலிக்கு முன் வெளிச்சம்

21 ஜனவரி 2007, ஞாயிறு இரவு

"நவம்பரிலேயே கலியாண எழுத்து முடிந்துவிட்டது, சட்டப்படி நான் ஏற்கனவே சுதனின் மனைவிதான்" என்று இன்று அம்மாவுக்குச் சொல்லிக்காட்டவில்லை. நாக்கு நுனிவரை வந்தது.

அடுத்த ஞாயிறு கோயிலில் தாலி கட்டு. முகூர்த்தம் பிற்பகலில். படமெடுக்கும் அண்ணை வீட்டுக்கு வந்து யோசித்துச் சொன்னார்: "தாலி கட்டி, சனமெல்லாம் அறுகரிசி போட்டு வாழ்த்தி முடிய வெளியில இருட்டீடும். காலமையே ரெண்டுபேரையும் பனிக்குள்ள சோடியா நிக்கவைச்சு எடுப்பம்."

"தாலி ஏறமுன்னம் சோடியா நிக்கிறதோ? உமக்கென்ன விசரே தம்பி?" அம்மா தேநீர்க் கோப்பையைத் தட்டென்று வைத்தார்.

சுதனின் அம்மாவுக்கு இந்தக் குளிர்நாட்டுக்கு வர விசா கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மாமி கேட்டது ஒன்றே ஒன்று: நாங்கள் இருவரும் பகல் வெளிச்சத்தில் நிற்கும் ஒரு படம். ஃபிளாஷ் படங்களில் மகனின் முகம் வெளிறித் தெரிகிறதாம். அதைச் சொன்னேன். அம்மா எழுந்து போனார்.

சாப்பிட்ட பிறகு அம்மாவே அண்ணைக்குப் போன் எடுத்தார். "சரி தம்பி, காலமையே எடும். ஆனா ரெண்டுபேருக்கும் நடுவில நான் நிப்பன்."

பிறகு தன் பனிச்சப்பாத்துகளைத் தேடி எடுத்து வாசலில் வைத்தார்.