எஸ்தருக்குத் தைத்த நீச்சல் உடை

செங்கல்பட்டு
12-8-1956

என் அன்பு மகள் எஸ்தருக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. பம்பாயில் மழை விடவில்லையென்று பேப்பரில் பார்த்தோம், உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை போனதைத் தந்தியில் சுருக்கமாகத்தான் சொல்ல முடிந்தது. நடந்ததைக் கேட்டிருந்தாய், எழுதுகிறேன். டிரெயினிங் ஸ்கூல் பெண்களோடு லில்லி மாமல்லபுரம் போயிருந்தாள், கூட வந்தவளை அலை இழுக்க இவள் பின்னாலேயே பாய்ந்திருக்கிறாள், அவளைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டாள், தன்னால் திரும்ப முடியவில்லை. கட்டுமரத்தில் போய் எடுத்து வந்த மாரி என்பவர் அடக்கத்துக்கும் வந்திருந்தார். "நல்லாத்தான் நீஞ்சிக்கினு இருந்துச்சி அண்ணாத்த, பொடவதான் காலைச் சுத்திக்கிச்சி" என்றார். அம்மா பக்கத்தில்தான் நின்றாள்.

இனித் தண்ணீரில் இறங்கமாட்டேன், போட்டியிலிருந்து பேரை எடுத்துவிட்டேன் என்று நீ எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். போன வருஷம் நீ நீச்சல் உடை தைக்கச் சொல்லிப் படம் அனுப்பியபோது, என் பெண் தொடை தெரிய நிற்பதா என்று சாப்பிடாமல் படுத்தவள் அவள். இப்போது அந்தப் படத்தைத் தேடி எடுத்து வந்து என் தையல் மிஷின் மேல் வைத்து, "தைங்க" என்றாள். அளவுக்கு ஆள் இல்லையே என்றேன். லில்லியின் ரவிக்கையை எடுத்துக் கொடுத்தாள், உனக்கும் அவளுக்கும் ஒரே அளவுதானே. வாசலில் போய் நின்றுவிட்டு வந்துதான் டேப்பை எடுத்தேன்.

கம்பளி உடை நனைந்தால் கனத்துத் தொங்குகிறது என்றாயே, அதனால் கருப்பு சாட்டின் எடுத்தேன். சாட்டின் இழுபடாது, ஆகவே முதுகிலும் விலாவிலும் ரப்பர் நூல் ஓட்டிச் சுருக்கியிருக்கிறேன், மூச்சு இழுத்தால் விரியும். தோள்பட்டி அகலம், முதுகில் ஜிப். படத்தில் உள்ளபடி முன்பக்கம் சின்னப் பாவாடை மடிப்பும் வெட்டி வைத்தேன், மானத்துக்கு இருக்கட்டுமே என்று. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, காலில் ஒன்றும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டாள்.

பார்சல் நேற்று அனுப்பினேன். போட்டுக் குனிந்து பார், எங்காவது பிடித்தால் எழுது. நிழலில் உலர்த்து, வெயிலில் ரப்பர் செத்துவிடும். போட்டிக்குப் பேரைத் திரும்பக் கொடு அம்மா.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. தண்ணீரில் இறங்கும் நாளெல்லாம் மறக்காமல் ஒரு கார்டு போடச் சொல்கிறாள் அம்மா. ஜெயித்தாயா என்று அவள் கேட்கவில்லை, கரையேறிவிட்டேன் என்று எழுதினால் போதுமாம்.

உன் பிரியமுள்ள அப்பா,
ஆபிரகாம்