வெள்ளை ஈ ஏழு நாள் லேட்டா வந்ததுக்கு நான் பொறுப்பில்லை

அனுப்புநர்:
வி. ஏகாம்பரம், வயசு 67,
தினக்கூலி உதவியாள், பூச்சிப் பிரிவு,
வீடு: மர்பி டவுன், பெங்களூரு.

பெறுநர்:
திரு. கவியரசன் அவர்கள்,
நிர்வாக அதிகாரி,
பயிர்ப்பூச்சி ஆராய்ச்சி நிலையம், பெங்களூரு.

பொருள்: சூட்டு ரூம் இலையையும் குளிர் ரூம் இலையையும் நான் மாத்தி வெச்சதா எழுதின காகிதத்துல கையெழுத்துப் போட மறுப்பது, உண்மையான ஆளைக் கண்டுபிடிக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இல்லீங்க. நான் இலையை மாத்தவே இல்ல. நேத்து நீங்க, "வயசாச்சு பெரியவரே, கண்ணு தெரியாம மாத்தியிருப்பீங்க, ஒத்துக்கிட்டுப் போங்க"ன்னு சொன்னதுக்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். அதுக்குள்ள போனை எடுத்துக் காதுல வெச்சுக்கிட்டீங்க. போன் அடிக்கவே இல்ல, அதையும் பார்த்தேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு.

நாளைக்குள்ள கையெழுத்துப் போடலேன்னா வேலை இல்லைன்னு சொல்லிட்டீங்க. போட்டா, பதினோரு வருசமா நான் எண்ணிக் குடுத்ததெல்லாம் பொய்யாயிடும். ஆகவே கீழ்க்கண்டதைத் தாழ்மையுடன் தெரிவிச்சுக்கறேன்.

1. நம்ம ரூம் ரெண்டுலயும் தக்காளிச் செடி இருக்கு. இலைக்கு அடியில வெள்ளை ஈ முட்டை வைக்கும். முட்டை வெச்ச நாளையும் இறக்கையோட வெளிய வர்ற நாளையும் குறிக்கறது என் வேலை. முப்பது டிகிரி ரூம்ல பதினெட்டு நாள்ல வந்துடும், எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி வண்டி மாதிரி டயத்துக்கு. இருபது டிகிரி ரூம்ல முப்பத்தெட்டு நாள் ஆகும், ஆபீஸ் ஃபைல் மாதிரி. தப்பா நினைக்காதீங்க, பூச்சியத்தான் சொன்னேன்.

2. நவம்பர் 29ஆம் தேதி ரெண்டு ரூம்லயும் வெச்ச முட்டையில, சூட்டு ரூம் முட்டை இருபத்தஞ்சு நாள் எடுத்துக்கிச்சு. ஏழு நாள் லேட்டு. விஞ்ஞானி டாக்டர் நிருபமா மேடம் கம்ப்யூட்டரப் பார்த்தாங்க. தினமும் முப்பது டிகிரின்னு காட்டுது. அப்போ கிழவன்தான் இலையை மாத்திட்டான்னு முடிவாச்சு. ஐயா, மாத்தினா ரெண்டு பக்கமும் மாறணும் இல்லியா? குளிர் ரூம்ல ஒண்ணாவது சீக்கிரம் வந்திருக்கணும். ஒண்ணு கூட வரல. எல்லாம் முப்பத்தெட்டாம் நாள், போன திங்கக்கிழமைதான் வந்துது. இத யாரும் கேக்கல.

3. அதே திங்கக்கிழமை சூட்டு ரூமைத் துடைக்கும்போது ஹீட்டர் முன்னாடி, அட்டைப் பொட்டிக்குப் பின்னால, ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்துது. வாய்க்குத் துணி கட்டியிருந்துது. ஏதோ புது மருந்துன்னு பயந்துட்டேன். மோந்து பார்த்தேன். அப்புறம், வேற வழியில்லாம, விரல்ல தொட்டு நாக்குல வெச்சுப் பார்த்தேன். இட்லி மாவு. நல்லாப் பொங்கியிருந்துது. உப்பு சரியா இருந்துது, உளுந்துதான் ஸ்வல்ப கம்மி.

இந்த ஊர் டிசம்பர்ல யார் வீட்லயும் மாவு பொங்காது. என் சம்சாரம் என் குரங்குக் குல்லாவத்தான் பாத்திரத்துக்குப் போட்டு வெக்கறா. அதனால இது யார் யோசனையோ, மோசமான யோசனை இல்ல. ஆனா ஹீட்டர் காத்து நேரா தூக்கு மேல அடிக்குது. கம்ப்யூட்டரோட வெப்பம் பாக்கற ஒயரு அந்தத் தூக்கை ஒட்டித்தான் தொங்குது. தூக்கு சூடானா ரூமே சூடுன்னு நினைச்சு ஹீட்டர் நின்னுடுது. ரூமோட அந்தக் கோடியில செடி குளிர்ல நடுங்குது. நானே போய்க் கை வெச்சுப் பார்த்தேன், சில்லுன்னு இருந்துது. பூச்சி மெதுவாத்தான் வளரும். அது பொய் சொல்லல, நானும் சொல்லல.

4. அன்னிக்கு இத உங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன். "பெரிசு பண்ணாதீங்க, நான் பாத்துக்கறேன்"னீங்க. மறுநாள் காலையில தூக்கைக் காணோம். மத்தியானம் எனக்கு மெமோ வந்துது. நான் யாரையும் சந்தேகப்படல. ஒண்ணு பின்னால ஒண்ணு வந்த வரிசையை மட்டும் சொல்றேன். தினமும் ஒம்பது மணிக்கு நீங்க பையோட சூட்டு ரூமுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வர்றீங்க. குளிர் ரூமுக்கு ஒருநாளும் வந்ததில்ல. உடம்புக்கு ஒத்துக்காது போலன்னு இருந்துட்டேன்.

(இதுவரைக்கும் உள்ள பக்கத்தை பியூன் உமேஷ்கிட்ட குடுத்து உள்ள அனுப்பிட்டேன். மீதியை உங்க ரூம் வாசல் பெஞ்சுல உக்காந்து எழுதறேன்.)

5. கோரிக்கை: செடி பக்கத்துல ஒரு தெர்மாமீட்டர் தொங்க விடணும். ஹீட்டர் முன்னாடி எதுவும் வெக்காம புதுசா முட்டை விட்டுப் பார்க்கணும். பதினெட்டு நாள்ல வந்தா என்னை வேலையில வெச்சுக்கணும். வரலேன்னா நானே வந்து கையெழுத்துப் போடறேன்.

6. தூக்கு மேல மங்களம்னு பேர் வெட்டியிருந்துது. வருகைப் பதிவேட்டுல அப்படி யாரும் இல்ல. அக்கவுண்ட்ஸ் மமதாவக் கேட்டேன், அவங்க வீட்ல பாக்கெட் மாவுதானாம். அப்புறம் ஞாபகம் வந்துது. போன வருசம் உங்க புது வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு எனக்கும் ஒரு பத்திரிகை குடுத்தீங்க. இன்னும் பத்திரமா வெச்சிருக்கேன். அதுல உங்க பேருக்குப் பக்கத்துல என்ன பேரு அச்சடிச்சிருக்குன்னா

ஐயா, நீங்க பையோட பின்பக்கப் படியில இறங்கறது இங்கேருந்தே தெரியுது. கூப்பிட்டேன், திரும்பாமலே கையை ஆட்டினீங்க. மனு இன்னும் முடியல. மீதியை நிருபமா மேடம் ரூமுக்குப் போய்ப் படிச்சுக் காட்டறேன்.

இடம்: பெங்களூரு
தேதி: 9-1-2025

இப்படிக்கு,
தானே எழுதி, தானே கையெழுத்துப் போட்ட
வி. ஏகாம்பரம்