மஞ்சள் தண்ணீரில் இறுகிய போல்ட்

என் ராசாவே, பிள்ளைகளின் அப்பாவே,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதும் தூரத்துக்கு நீங்கள் போனால்தானே? காஞ்சிபுரம் சவாரி என்றாலும் ராத்திரி சோற்றுக்கு வந்துவிடுவீர்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனால் என் கையெழுத்தை எந்த வாத்தியாரும் குறை சொன்னதில்லை. அதனால் எழுதக் கூச்சமில்லை. எழுதப்போகிற விஷயத்துக்குத்தான் கூச்சப்படுகிறேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் சொன்னீர்கள். "வண்டிய நிக்க வுடாத. குமார்கிட்ட குடுத்துடு." சரிங்க என்று தலையை ஆட்டினேன். காரியம் முடிந்த மறுநாளே மனசு மாறிப்போனது. நீங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்த சீட்டில், பெற்ற பிள்ளையே ஆனாலும் இன்னொருவன் உட்காருவதா? வருஷம் திரும்பட்டும் என்று அவனிடம் சொன்னேன். நீங்கள் சொன்னதைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. முள்ளிப்பட்டில் சொந்தத் தறி வைத்திருக்கும் ஒரு மாஸ்டர் வீட்டில் கூலிக்கு நெய்ய உட்கார்ந்தான். தறிக்குழியில் அவனுக்குக் கால் மரத்துப்போகும், உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் வந்து முழங்காலை நீவிக்கொண்டு, கொட்டகையில் நிற்கும் டாக்சியைப் பார்த்துக்கொண்டு இருப்பான். நானும் அவனைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

வண்டியை மட்டும் நான் சும்மா விடவில்லை. வெள்ளிக்கிழமை வாசல் கழுவினால் வண்டியையும் கழுவுவேன். வெளியே மட்டும் கழுவினால் மனசு ஆறவில்லை. பானட்டைத் தூக்கி, செம்பு செம்பாக மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கைக்கு எட்டிய இடமெல்லாம் குங்குமம் வைப்பேன். நீங்கள் ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வீர்களே, ஏன் என்று நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

வருஷம் திரும்பியது. குமார் பேட்டரியை சார்ஜ் போட்டு, பழசு வெடித்திருந்ததால் புது ஃபேன் பெல்ட் மாட்டி, வண்டியை எடுத்தான். களம்பூர் ரைஸ் மில் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதித்துப் புகையாக வந்ததாம். நெல் லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பெல்ட் தொளதொளவென்று கிடந்தது.

உங்கள் மெக்கானிக் அருளப்பனைக் கூப்பிட்டோம். டைனமோவை வெளிப்பக்கம் நெம்பினால்தான் பெல்ட் இறுகுமாம். அடியில் உள்ள இரண்டு போல்ட்டில், கீலில் கதவு ஆடுவதுபோல அது ஆட வேண்டுமாம். அசையவே இல்லை. முரட்டுத்தனமாக அடித்தால் போல்ட் நுழையும் அதன் காது உடைந்துவிடும், அப்புறம் வேறு டைனமோ வாங்க வேண்டும் என்றார். அதற்கு நம்மிடம் வழியில்லை. பழைய இரும்புக்காரன் ஏற்கெனவே ஒருமுறை வந்து விலை கேட்டுவிட்டுப் போயிருந்தான்.

ஸ்க்ரூடிரைவரால் போல்ட்டைச் சுரண்டிப் பார்த்த அருளப்பன் மோந்துகூடப் பார்த்தார். "இன்னாபா இது, துருவோட மஞ்சளும் குங்குமமும் சேர்ந்து பூசி வச்சாப்ல கீது. வண்டிக்கு யாரு தலைக்கு ஊத்திகினு இருந்தது?"

நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நான்தான் அண்ணே," என்றான் குமார். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு வருஷம் வண்டியைத் தொட விடாதவளுக்காக, தொடாதவன் பழி ஏற்றுக்கொண்டான். நான் சமையற்கட்டுக்குப் போய் அடுப்பு எரியாமலே ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இவன் உங்கள் பிள்ளை என்று பெருமைப்படுவதா, என்னை நினைத்து வெட்கப்படுவதா?

போல்ட் ஊற மண்ணெண்ணெய் விடச் சொல்லிவிட்டுப் போனார் அருளப்பன். அதை மட்டும் நான் யாருக்கும் விடவில்லை. ரேஷனில் வந்த எண்ணெயில் விளக்குக்கு எடுத்தது போக, காலையும் மாலையும் துணியில் நனைத்துப் பிழிந்து விட்டேன். அந்த வாரம் கோலம் போட்ட கையெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம்.

அருளப்பன் திரும்ப வந்தார். கழற்றும் பக்கம் திருப்பாமல் முதலில் இறுக்கும் பக்கம் துளி அசைத்தார். அப்புறம் எதிர்ப்பக்கம். சுத்தியால் மெல்லத் தட்டினார். திரும்பவும் அப்படியே. ஒரு போல்ட் கிறீச்சென்று கத்திக்கொண்டு சுழன்றது. அடுத்ததில் ஸ்பேனர் வழுக்கி அவர் விரல் தோல் உரிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"ஊத்தினது நான்தான்பா. அவன் இல்ல."

அவர் நிமிரக்கூட இல்லை. "தெரியும்மா. இவன் தன் தலைக்கே ஒழுங்கா ஊத்திக்க மாட்டான், வண்டிக்கு எங்க ஊத்தப்போறான்?"

குமார் சிரித்துவிட்டான். நீங்கள் போனபிறகு அவன் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கோ அழுகைதான் வந்தது. இரண்டாவது போல்ட்டும் விட்டது. டைனமோ ஆடியது. காது உடையவில்லை.

நேற்று என்னைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு களம்பூர் வரை போய்வந்தான். தண்ணீர் கொதிக்கவில்லை. உங்கள் உயரம் அவனுக்கு இல்லையே, ரோடு தெரிய வேண்டுமென்று உங்கள் பள்ளத்தில் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டான். எடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

போகும்போது கேட்டான், "அப்பா இருந்தா நான் இத ஓட்டறதுக்கு ஒத்துகினு இருப்பாராம்மா?" என்று.

பாருங்கள், அவன் இன்னும் உங்களுக்குப் பயந்துகொண்டு, திருடின சைக்கிளில் உட்கார்ந்தவன் மாதிரி அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு போல்ட்டைக்கூட அசைத்துவிட்டார்கள், இந்த வாயை அசைக்க எனக்கு இத்தனை நாளா?

இன்று காலையில் ஸ்டாண்டுக்குப் போயிருக்கிறான். சாயங்காலம் வருவான். சோறு போடுவதற்கு முன்னால், நீங்கள் சொன்னதை நீங்கள் சொன்னபடியே, ஒரு வார்த்தை குறையாமல் அவனிடம் சொல்வேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். இது உங்கள்மேல் ஆணை.

உங்கள் சொல்லை மறைத்தவள்,
குமாரின் அம்மா