மூடிக்குள் இருந்த பதினைந்து பல்

திருப்பாதிரிப்புலியூர்,
7.7.2025

அன்புள்ள மகன் அறிவுமதிக்கு,

ஆண்டவர் கிருபையில் நான், அப்பா, இளமதி மூன்று பேரும் இங்கே சுகம். நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கைகால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எங்கள் ஜெபம். முந்தாநாள்தானே வீடியோவில் பேசினோம், அதற்குள் அம்மாவுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் எதை ஆரம்பித்தாலும் நீ "சரிம்மா, சரிம்மா, உடும்மா" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுகிறாய், இது அப்படி முடிக்கிற சமாச்சாரம் இல்லை. உன் தங்கை முந்திரிப் பருப்பும் பருப்புப்பொடியும் பார்சல் போடுகிறாள், அதற்குள்ளேயே இதையும் வைக்கிறேன். பத்து நாளில் கைக்கு வந்துவிடுமாம். பொடி எங்கேயும் ஓடிப்போகாது, இதை முதலில் படி.

வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து மனிதருக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை, உன் பழைய பைக்கை எடுத்துக்கொண்டு வாரம் இரண்டு தடவை சிதம்பரம் போய்வருகிறார். கேட்டால் பழைய சிநேகிதரைப் பார்க்க என்பார், போவது காராமணிச் சுண்டல் தின்பதற்கு என்று எனக்குத் தெரியும். திரும்பி வந்ததும் லிட்டருக்கு இவ்வளவு கொடுக்கிறது என்று மைலேஜ் பெருமை வேறு, தான் ஓட்டுகிற பக்குவம் அப்படியாம். இளமதிக்குக் கீரப்பாளையம் ஒன்றிய அலுவலகத்தில் வேலை பழகிவிட்டது, காலை ஆறே முக்காலுக்கு பஸ் ஏறினால் ராத்திரி ஏழு ஆகிறது வீடு வர, ஆனாலும் முகத்தில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. நான் வழக்கம்போல ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில்தான் நிற்கிறேன், இந்த ஆவணியோடு இருபத்துமூன்று வருஷம். முதலாளி உட்கார நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார், உட்கார்ந்தால் எனக்கு நம்பர் மறந்துபோகிறது, அதனால் நின்றுகொண்டேதான் இருக்கிறேன். மொத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வீடு நிறைந்துதான் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை காற்றாலைக்கான கியர்பாக்ஸைப் பட்டறையில் தரையில் வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்த உன்னை, இனி கோபுரத்தின் மேலே ஏறி வேலை பார்க்கும் குழுவுக்கு வருகிறாயா என்று கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், நீ வேண்டாம் என்று சொல்லப் போகிறாய். இதையெல்லாம் நீ என்னிடம் சொல்லவில்லை, இளமதியிடம்தான் சொன்னாய். அவள் மூன்று நாள் வயிற்றிலேயே வைத்திருந்துவிட்டு நாலாம் நாள் கொட்டிவிட்டாள், அவளைத் திட்டாதே. உயரம் பிடிக்கவில்லை, வேலை பிடிக்கவில்லை என்று நீ சொல்லியிருந்தால் அதோடு விட்டிருப்பேன். ஆனால் நீ சொன்னது வேறு. "அன்னைக்குக் குடிகாட்டு ரோட்ல எல்லாப் பசங்களும் முன்சக்கரத்தத் தூக்கி வீலிங் பண்ணானுங்க, நான் ஒருத்தன்தான் தூக்க முடியாம நின்னேன். கடைசி செகண்டுல எனக்குக் கை தானா பின்வாங்கிடும், அது என் பொறவிக் குணம், நான் போயி நூறு மீட்டர் மேல ஏறி என்னத்தப் பண்ணப் போறேன்" என்றாயாம். இளமதி அதை அப்படியே சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்த அரிசியைத் தண்ணீரோடு சேர்த்துக் கொட்டிவிட்டேன். பதினோரு வருஷமாக நீ அதைச் சுமந்துகொண்டா இருந்தாய்?

அறிவு, அந்த வண்டி தூக்காததற்கு நீ காரணம் இல்லை. நான்தான் காரணம். எப்படி என்று சொல்கிறேன், கோபப்படாமல் கடைசி வரை படி. நீ சிதம்பரத்தில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது மெக்கானிக் சின்னையன் பட்டறைக்குப் போய், செயின் ஓடுகிற முன்பக்கப் பல்சக்கரம், அந்த ஸ்ப்ராக்கெட், கம்பெனி கொடுத்த பதினாலு பல் வேண்டாம், பதிமூன்று பல் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டாய். முன்னாலே பல் குறைந்தால் வேகம் போய் இழுவை கூடும், ஆக்சிலேட்டரை முறுக்கினால் முன்சக்கரம் சுலபமாக எழும்பும், அதுதானே கணக்கு? பின் சக்கரத்தில் மாற்றினால் அப்பா கண்ணில் படும், முன்னாலே என்றால் இஞ்சின் பக்கத்து மூடிக்குள் மறைந்திருக்கும், யாருக்கும் தெரியாது என்று கெட்டிக்காரத்தனமாக யோசித்திருக்கிறாய். ஆனால் சின்னையன் பார்ட்ஸ் வாங்க எங்கள் கடைக்குத்தான் வருவார் என்பது மட்டும் உன் புத்திக்கு எட்டவில்லை. "பதிமூணு பல்லு ஒண்ணு குடுக்கா. ஒம்புள்ளைக்குத்தான், ஒங்கிட்ட சொல்ல வேணாம்னான், எனக்கு மனசு கேக்கல" என்று அவர் கவுண்டரில் வந்து நின்றார். அந்தக் கவுண்டரில் நின்று நான் எத்தனை பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பதிமூன்று பல் வாங்கிப் போகிற பையனுக்காகத் திங்கட்கிழமை அவன் அப்பா வருவார், ஹேண்டில்பார், ஹெட்லைட், முன்சக்கர ஃபோர்க் என்று சீட்டை நீட்டுவார், பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டால் பணத்தை எண்ண ஆரம்பித்துவிடுவார். உன்னைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். திட்டினால் நீ வேறு பட்டறைக்குப் போயிருப்பாய். அதனால் பதிமூன்று பல்லுக்குப் பதில் பதினைந்து பல்லை எடுத்துச் சின்னையன் கையில் கொடுத்தேன். இதைப் போட்டு மூடியை மாட்டு, அவனிடம் பதிமூன்று என்றே சொல் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார், பிறகு வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து உன் வண்டி, கம்பெனி வைத்ததைவிட இழுவை குறைந்து மைலேஜ் கூடிய வண்டி. பிக்கப் இல்லை என்று நீ போய்க் கேட்டதற்கு, புதுச் செயின், செட் ஆகணும் தம்பி என்று அவர் சொன்னாரே, அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். அதற்குப் பிறகு எத்தனை தடவை செயின் செட் தேய்ந்து மாற்றினாலும் பதினைந்தையே போட வைத்திருக்கிறேன்.

குடிகாட்டு ரோட்டில் உன் வண்டி ஸ்டாண்டு போட்டது மாதிரி அசையாமல் நிற்கிறது என்று பையன்கள் உன்னை "டபுள் ஸ்டாண்டு, டபுள் ஸ்டாண்டு" என்று கூப்பிட்டுக் கேலி செய்த ஞாயிற்றுக்கிழமை, நீ வீட்டுக்கு வந்து சாப்பாடு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். சனியன் இத்தோடு விட்டது, பிள்ளைக்குக் கைகால் முழுசாக இருக்கிறது என்று மீன் குழம்பை நான் நன்றாகவே சாப்பிட்டேன். நீ அந்தக் கேலியை ஒரு மாதத்தில் மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். இன்னொன்றும் எனக்குத் தெரிந்திருந்தது, அதை யாரும் உன்னிடம் சொன்னதில்லை. பதினைந்து பல் மாட்டிய பிறகு வந்த இரண்டு மாதத்தில் உன் வண்டிக்கு இரண்டு தடவை க்ளட்ச் பிளேட் என் கவுண்டரிலிருந்து போனது. ஒழுங்காக ஓட்டினால் மூன்று வருஷம் வருகிற பிளேட். சின்னையன் கருகிப்போன பழைய பிளேட்டைக் கொண்டுவந்து காட்டி, "இந்தத் தூக்காத வண்டிய எத்தினி தடவ முறுக்கியிருந்தா இப்படிக் கருகும், பாவம்க்கா" என்றார். பயந்து கையைப் பின்வாங்குகிறவன் க்ளட்ச் இரண்டு மாதத்தில் இரண்டு தடவை கருகுமா? கை பின்வாங்கியது என்று நீயாகச் சொல்லிக்கொள்கிறாய், அந்த பிளேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவள் நான். தூக்கவே முடியாத வண்டியோடு கடைசி வரை மல்லுக்கட்டியிருக்கிறாய்.

அம்மா ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நீ நினைப்பாய் என்பதால் நேற்று ஒரு காரியம் செய்தேன். கோயில் முடிந்து ராஜ்கமல் பெண்டாட்டி பிள்ளைகளோடு சாப்பிட வந்திருந்தான். என் அண்ணன் மகன்தான், உனக்கு மச்சான்தான், ஆனால் அன்றைக்கு உன்னை முதலில் டபுள் ஸ்டாண்டு என்றவனும் அவன்தானே. வாடா என்று அப்பாவின் ஹெல்மெட்டை அவன் தலையில் மாட்டி, உன் வண்டியையே எடுக்கச் சொல்லி, நானும் அப்பாவும் ஆட்டோவில் பின்னால் போய், அதே குடிகாட்டு ரோட்டில் நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அந்தப் பக்கத்துக் கம்பெனி லாரி ஒன்றும் ஓடவில்லை. இப்போது தூக்கிக் காட்டுடா என்றேன். "அத்த, நான் ரெண்டு புள்ளைக்கு அப்பன்" என்றான். ஒரு சாண் எழும்பினால் போதும் என்றேன். பிள்ளையைத் தடுக்கத் திருட்டுத்தனம் செய்தவள் மருமகனை ஏவிவிடுகிறாளே என்று நீ சிரிப்பாய், சிரி. மூன்று தடவை முறுக்கினான். வண்டி முக்கியது, முனகியது, முன்சக்கரம் தரையை விட்டு எழும்பவே இல்லை. "அத்த, இஞ்சின் வேலைக்கி வந்துடுச்சி, வண்டி செத்துப்போச்சி" என்றான் வேர்த்து வடிந்துகொண்டு. இஞ்சினுக்கு ஒன்றும் இல்லை, உள்ளே பதினைந்து பல் என்று நடந்ததைச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப என் வண்டியில பதிமூணு அத்த. இழுவைக்குப் பின்னாலயும் மூணு பல்லு ஜாஸ்தி போட்டிருந்தேன். அத மச்சான்கிட்ட சொல்லவே இல்ல, என் தெறமன்னு நெனச்சிக்கட்டும்னு உட்டுட்டேன்" என்றான். உன்னிடம் அவனே பேசுவதாகச் சொல்லியிருக்கிறான். பேசினால் ரொம்பவும் வறுத்தெடுக்காதே, தானாகவே குறுகிப்போய்த்தான் இருக்கிறான்.

அப்பாவுக்கும் நேற்றுதான் தெரியும். வீட்டுக்கு வருகிற வரை ஆட்டோவில் முன்னால் போகிற வண்டியையே முறைத்துக்கொண்டு வந்தார், எனக்குப் பயமாகிவிட்டது. வாசலில் இறங்கியதும், "அப்ப மைலேஜு என் பக்குவத்தால இல்லியா?" என்றார். அவருக்கு அதுதான் வருத்தம். சாயங்காலம் கொஞ்சம் ஆறியபிறகு, பிள்ளையிடம் நீயே எழுது, நான் குறுக்கே வரமாட்டேன் என்றார். அதனால்தான் உட்கார்ந்தேன்.

கோபுரத்தில் ஏறு என்றும் நான் சொல்ல மாட்டேன், ஏறாதே என்றும் சொல்ல மாட்டேன். உன் வேலை, உன் உடம்பு, அங்கே காற்று எப்படி அடிக்கும், கயிறு எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். நன்றாக யோசித்து வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்றே சொல், கௌரவமான பதில்தான் அது. ஆனால் உன் பொறவிக் குணம் என்று ஒன்றைக் காரணம் காட்டாதே. அது குணமே இல்லை, உன் அம்மா மாற்றி வைத்த ஒரு இரும்புத் துண்டு. அன்றைக்கு அதை மாற்றியதற்கு எனக்கு இன்றும் வருத்தம் இல்லை அறிவு, மறுபடியும் அந்தக் கவுண்டரில் சின்னையன் வந்து நின்றால் மறுபடியும் பதினைந்தைத்தான் எடுத்துக் கொடுப்பேன். நீ படிப்பை முடித்து வேலைக்குப் போன அன்றாவது கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், சிரித்துப் போயிருக்கும். சொல்லாமல் விட்டது என் தப்பு. உன்னைப் பற்றி நீயே தப்பாக நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் வாழ விட்டுவிட்டேன், அதற்கு மட்டும் அம்மாவை மன்னித்துவிடு. அந்த வண்டியால் பயந்துபோன ஆள் ஒருவர் இருந்தது உண்மைதான். அது நான்.

பருப்புப்பொடியில் காரம் ஜாஸ்தி, நெய் ஊற்றிச் சாப்பிடு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, அப்பாவும் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பதாக எழுதச் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காதே. ஏறுவது என்று முடிவு செய்தால், ஏறப்போகிற நாளை என்னிடம் முன்கூட்டிச் சொல்லாதே, ஏறி இறங்கி, காலைத் தரையில் வைத்த பிறகு போன் பண்ணு. முன்னாலேயே தெரிந்தால் நான் இங்கிருந்தே எதையாவது மாற்றி வைக்கப் பார்ப்பேன்.

என்றும் அன்புள்ள அம்மா,
ரா. ஜெயராணி