ஊதா என்று எழுதிய பக்கம்

ஜூலை 8, திங்கள்

கையேடு முடிந்தது. பதினாறு பக்கம். முதலாண்டு வேதியியல் மாணவன் லேபுக்குள் நுழையும்போது கையில் இருக்க வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது: அணு நிறைகள், அமிலங்களின் வாய்பாடுகள், கரைசலை நீர்க்கச் செய்யும் கணக்கு, எந்த உப்பைச் சுடரில் காட்டினால் என்ன நிறம் வரும் என்ற பட்டியல். எல்லாம் தமிழில். எங்கள் கல்லூரியில் இதுவரை இதெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

துறைத் தலைவர் நரசிம்மலு சார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இத்தனை வருசமா இது எங்களுக்குத் தோணல பாரு அம்மணி" என்றார். இப்போதைக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு, முந்நூறு பிரதி அச்சுக்கும் அனுப்பிவிட்டார். ஆகஸ்ட் 14 கல்லூரி முதல்வர் கையால் வெளியீடு. அட்டையில் என் பெயர்! தொகுப்பு: அக்ஷிதா, தற்காலிக விரிவுரையாளர். அந்தத் 'தற்காலிக'த்தை எடுத்துவிடலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ஜூலை 9

பொட்டாசியம் 39. கால்சியம் 40. அடுத்தடுத்த வீடு. இதை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் ஹோப் காலேஜ் ஸ்டாப்பைத் தவறவிட்டேன்.

ஜூலை 18, வியாழன்

முதல் சுடர் சோதனை. வெளியே தூறல், ஜன்னலுக்கு அப்பால் மலை இருக்கிற இடமே தெரியவில்லை. உள்ளே இருபது பர்னர்கள். உப்பை அமிலத்தில் குழைத்துக் கண்ணாடிக் குச்சியில் தொட்டுக் காட்டினால் சுடர் வேறு ஆளாகிவிடுகிறது. கால்சியத்துக்குச் செங்கல் சிவப்பு, பேரியத்துக்கு இளம் பச்சை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. ஒரு பெண் "மேடம், தீபாவளிங்க!" என்று கத்தினாள். அதட்ட வேண்டியவள் நானும் சிரித்துவிட்டேன்.

வகுப்பிலேயே கையேட்டை முழுசாக மனப்பாடம் செய்திருப்பவன் மாசாணம். ஆனைமலைக்குப் பக்கத்தில் ஏதோ ஊர், அப்பாவுக்குத் தென்னந்தோப்பில் வேலை, பன்னிரண்டு வரை தமிழ்வழி. ஜெராக்ஸ் தாள்களை அக்காவின் தையல் மெஷினில் கொடுத்து நடுவில் தைத்து வைத்திருக்கிறான். "பாட்டாட்டம் படிச்சுப்போட்டனுங்க மேடம்" என்றான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஆனால் உப்பைத் தப்பாகக் கண்டுபிடித்தான். நான் கொடுத்தது அம்மோனியம் உப்பு. அது சுடரின் நிறத்தை மாற்றாது. அவன் எழுதியது: ஊதா, எனவே பொட்டாசியம். என் பட்டியலில் பொட்டாசியத்துக்கு நேரே ஊதா என்றுதான் இருக்கிறது. முதல் நாள்தானே, போகட்டும்.

ஜூலை 26, வெள்ளி

மூன்றாம் முறையும் அதே தப்பு. மக்னீசியம் கொடுத்தாலும் பொட்டாசியம், அலுமினியம் கொடுத்தாலும் பொட்டாசியம். நிறம் மாற்றாத உப்பெல்லாம் அவனுக்கு ஊதாதான்.

நரசிம்மலு சார் வந்தார். உப்பே இல்லாமல் பர்னரை மட்டும் பற்றவைத்தார். சுத்தமான நீலச் சுடர்.

"இது என்ன கலர்?"

"ஊதாங்க சார்."

சார் என்னைத் தனியே கூப்பிட்டார். "பையனுக்கு நிறம் தெரியலை அம்மணி. கண்ணுக் கோளாறு. பாவம், இவனை வெச்சுட்டு மூணு வருசம் லேப் ஓட்ட முடியாது. ஆகஸ்ட் 9 வரைக்கும் பாடம் மாத்திக்கலாம். பி.காம்ல கேட்டுப் பாக்கறேன்."

நானும் தலையாட்டினேன். நீலத்தை ஊதா என்கிறவனை வேறு என்ன சொல்வது?

ஜூலை 31

மாசாணத்திடம் கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"வேண்டாங்க மேடம். அக்காளுக்கு வரன் பாத்துட்டு இருக்கறாங்க. கண்ணுல கோளாறுன்னு ஆஸ்பத்திரிச் சீட்டு வந்துதுன்னா, குடும்பத்துக்கே இருக்கும்னு பேசுவாங்க. நான் பி.காமே போயர்றனுங்க."

வாசல் வரை போய்த் திரும்பி, "எனக்கு வெளுப்பு எது கருப்பு எதுன்னெல்லாம் நல்லாத் தெரியுமுங்க" என்றான். அவன் போன பிறகும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மோனியா வாசம் கண்ணைக் கரித்தது என்று எழுதலாம். பொய். அழுகைதான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அம்மாவோடு ஒப்பணக்கார வீதி, ஆடித் தள்ளுபடி. அம்மா பட்டில் மூழ்கிவிட்டாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையே லேப் மாதிரி இருந்தது. தாமிரத்துக்கு ஒன்று, ஸ்ட்ரான்சியத்துக்கு ஒன்று என்று மனசுக்குள் சேலைகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒரு அம்மா, பொள்ளாச்சிப் பக்கத்துப் பேச்சு. "ஏனுங்க, அந்த ஊதாச் சேலைய எடுங்க."

கடைக்காரர் கையை நீட்டி எடுத்துப் போட்டார். அது நீலம். சுத்த நீலம், அசல் நீலம். அந்த அம்மா, "இதேதானுங்க" என்றார். இரண்டு பேரும் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

எங்கள் வீட்டில் பேசும் தெலுங்கில் ஊதா என்றால் கத்திரிப்பூ நிறம். நான் படித்த தமிழ்ப் பாடநூலிலும் அப்படித்தான். வேறு மாதிரி இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அப்படியானால் மாசாணம்—

அம்மா இரண்டு சேலையைக் காட்டி எது நல்லாருக்கு என்றாள். எதைச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5

கைப்பையில் ஒரு கத்திரிக்காயோடு கல்லூரிக்குப் போன ஒரே விரிவுரையாளர் நானாகத்தான் இருப்பேன். மாசாணத்தைத் தனியே கூப்பிட்டு, என் நீல மைப் பேனாவைத் திறந்தேன்.

"என் பேனா மை என்ன கலர்?"

"ஊதாங்க."

கத்திரிக்காயை எடுத்தேன். "இது?"

"கத்திரிப்பூக் கலருங்க." யோசிக்கவே இல்லை. "எதுக்குங்க மேடம் கேக்கறீங்க?"

"சும்மா" என்றேன்.

அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை. வெறும் பர்னரின் நீலத்தைப் பார்த்து, அவன் வீட்டில் அதற்கு வழங்கும் பெயரைச் சொல்லியிருக்கிறான். என் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேரே பொட்டாசியம் என்று போட்டிருந்தது. நம்பி எழுதினான். என்னை நம்பி.

இதை ஏன் அவனிடம் சொல்லவில்லை? மதியம் அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்து இறங்கின. பிரித்துப் பார்த்தேன். என் பெயர் நல்ல கறுப்பில் விழுந்திருக்கிறது. அதனால்தான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7

ஒரே ஒரு வார்த்தைதானே? அவன்கிட்ட மட்டும் தனியாச் சொல்லிட்டாப் போதாதா? ஆனா சார் முடிவே பண்ணிட்டாரு, படிவம் அவர் மேசை மேல இருக்குது. சொன்னா அவர்கிட்டத்தான் சொல்லணும். சொன்னா புத்தகம் போச்சு. அடுத்த வருசம் வேலையும் என்ன ஆகுமோ. ச்சே. ஒரு பையனோட படிப்பையும் என் அட்டையையும் தராசுல வெச்சுப் பாத்துட்டு இருக்கேன். என்ன மனுசி நான்?

மத்தியானம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

பத்தரை மணிக்கு சார் படிவத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். மாசாணம் எதிரே நின்றுகொண்டிருந்தான். நான் உள்ளே போய், "கோளாறு அவன் கண்ணுல இல்லீங்க சார். என் பக்கம்தானுங்க. ஒன்பதாம் பக்கம்" என்றேன். சேலைக்கடை, பேனா மை, கத்திரிக்காய், எல்லாவற்றையும் கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமையே தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

சார் எழுந்து லேபுக்கு நடந்தார். பொட்டாசியம் குளோரைடை எடுத்து அவரே குழைத்துச் சுடரில் காட்டினார். மெல்லிசாக, புகை மாதிரி, அந்த நிறம் ஏறி ஒரு நொடி நின்றது. இதை ஒருமுறை, ஒரே ஒருமுறை, வகுப்பில் செய்து காட்டியிருந்தால் இந்த மூன்று வாரமும் வந்திருக்காது. பட்டியல் கையில் இருக்கும் தெம்பில் விட்டுவிட்டேன்.

மாசாணம் குனிந்து பார்த்தான். "இதுங்களா பொட்டாசியம்?" திரும்பி என்னைப் பார்த்தான். "மேடம், இது கத்திரிப்பூங்க! இதப் போய் ஏனுங்க ஊதான்னு எழுதிப்போட்டீங்க?"

சார் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் அவன் இரண்டு கையையும் கூப்பிவிட்டான்.

படிவத்தைச் சார் நாலாகக் கிழித்தார். அவன் போனதும் முகம் மாறியது. "ஞாயித்துக்கிழமை தெரிஞ்சதை இன்னைக்குச் சொல்றே. இன்னும் பத்து நிமிசம் கழிச்சு வந்திருந்தா?" கிழிந்த துண்டுகளைக் கூடையில் போட்டார். "கையேடு வேண்டாம். கட்டி மேல போடு. ஆங்கிலமே இருந்துட்டுப் போகட்டும்."

ஆகஸ்ட் 14

இன்று வெளியீடு நடந்திருக்க வேண்டும். முந்நூறு பிரதியும் பரண் மேல். பழைய ஆங்கில அட்டவணையைச் சுவரில் ஒட்டியது நான்தான். வலிக்கிறது. வலிக்கவில்லை என்று இங்கே எழுதி யாரை ஏமாற்றப் போகிறேன்?

அதன் முன்னால் பிள்ளைகள் அண்ணாந்து நிற்கிறார்கள். ஒரு பெண் பொட்டாசியத்துக்கு நேரே இருந்த லைலாக் என்ற ஆங்கிலச் சொல்லை எழுத்துக்கூட்டிவிட்டு என்னிடம் வந்து, "அது எந்தக் கலருங்க மேடம்?" என்று கேட்டாள். பர்னரைப் பற்றவைத்து, பொட்டாசியம் உப்பைச் சுடரில் காட்டினேன். பிறகு எல்லோரும் வந்தார்கள்.

நவம்பர் 12, செவ்வாய்

செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார், கண்டிப்பானவர். உதவிக்கு நான். மாசாணத்துக்குச் சீட்டில் விழுந்தது அம்மோனியம் உப்பு. அவன் நிதானமாக எல்லாச் சோதனைகளையும் செய்து, தாளைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றான்.

தேர்வாளர் படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். எட்டிப் பார்த்தேன். "சுடரின் நிறம் மாறவில்லை. ஊதாவாகவே இருந்தது. எனவே பொட்டாசியம் இல்லை."

"என்ன எழுதியிருக்கான் இவன்?" என்றார்.

"சரியாத்தானுங்க சார் எழுதியிருக்கான்" என்றேன். "அவங்க ஊட்டுல நீலத்துக்கு அதுதானுங்க பேரு."

என்னை ஒருமுறை பார்த்தார், அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு வட்டத்தின் மேல் ஒரு கோடு கிழித்துவிட்டு, முழு மதிப்பெண் போட்டார்.