சகலை வீட்டு மாடிக்குப் போன தூசிக் கருவி

அனுப்புநர்:
மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்,
கடைசி வீடு, இரண்டாம் தெரு,
சிமெண்ட் ஆலைக்குப் பின்புறம்.

பெறுநர்:
உயர்திரு சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள்,
மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம்.

பொருள்: சிமெண்ட் ஆலையின் இரண்டாவது உலைக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு – முதல் தெருவில் எடுத்த தூசி அளவுகளை ரத்து செய்து மறு அளவீடு கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஆலை நிர்வாகத்தின் மதிப்பீட்டு அறிக்கை, பக்கம் 41.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி முகவரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடை நடத்தி வருகிறேன். இம்மனுவை எழுதத் தூண்டியது பொதுநலம் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் முதல் தெருவில் வசிக்கும் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், தங்களிடம் ஓடிவந்து இது பொறாமையில் எழுதிய மனு என்று சொல்லத்தான் போகிறார். அந்தச் சிரமம் அவருக்கு வேண்டாம். பொறாமைதான். அதைக் கழித்துக்கொண்டு மீதியைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

2. இரண்டாவது உலை கட்டுவதற்கு முன் குடியிருப்புக் காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளக்க, ஆலை சார்பில் ஒரு கருவி கொண்டுவந்தார்கள். முதலில் வந்தது என் வீட்டுக்குத்தான். என் மாடிப்படி குறுகல். வீடு கட்டும்போது செங்கலில் மிச்சம் பிடித்த என் சாமர்த்தியத்தால் நானே அதில் பக்கவாட்டில்தான் ஏறுகிறேன். கருவி ஏறவில்லை. என் கண்ணெதிரே அது சகலை வீட்டு அகலமான படியில் மாப்பிள்ளை போல ஏறிப் போனது.

3. அன்று முதல் சகலையின் நடையே மாறிவிட்டது. வாசலில் "அளவீட்டு நிலையம்" என்று பலகை மாட்டினார். தெருவில் அவருக்குக் 'காற்று ஆபீசர்' என்ற பெயரும் வந்தது. அந்தப் பெயரை வைத்தவன் நான். கேலிக்காக வைத்தேன், அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, இந்தத் தெருவில் காற்று கொஞ்சம் கனம் என்று மூக்கைச் சுளித்ததையும் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

4. எங்கள் இரு வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டியவை. ஆகவே தினமும் காலையில் துணி காயப்போடும் சாக்கில் என் மாடியிலிருந்து அவர் மாடியைப் பார்ப்பது வழக்கமாயிற்று. கடையில் விற்பனைக்கு இருந்த தொலைநோக்கியும் உடன் வந்தது. ஒரு நாள் கருவியைக் காணோம். அது இருந்த இடத்தில் நீலப் பூப்போட்ட துணிமூட்டை ஒன்று நின்றது. கருவியைப் பறித்துக்கொண்டார்கள் என்று எண்ணி நான் அடைந்த மகிழ்ச்சியை இங்கே விவரிப்பது முறையாகாது. செவ்வாய்க்கிழமை அளவீட்டுக்காரர் வந்தார். அவர் படியேறும் சத்தம் கேட்டதும் என் கொழுந்தியாள் அந்தத் துணியைக் கழற்றி மடித்து வைத்தார். உள்ளே கருவி பளபளவென்று இருந்தது. தூசி பிடிக்கும் தாளை மாற்றிவிட்டு அவர் இறங்கியதும் துணி மறுபடி ஏறியது.

5. கொழுந்தியாளிடம் நேரிலேயே விசாரித்தேன். அவர் எதையும் ஒளிக்கவில்லை. சொன்னதை அப்படியே தருகிறேன்: "அடுத்தவங்க பொருள் அத்தான். சும்மா விட்டா ஒரே நாள்ல தூசி அப்பிக்குது. நமக்குத்தானே கெட்ட பேரு?" அவரே அளவெடுத்துத் தைத்த உறை. சூடு வெளியேறக் கீழே ஒரு ஓட்டையும் விட்டிருக்கிறார். விருந்தாளி வந்தால் சோபா உறையை எடுப்பதுபோல, அளவீட்டுக்காரர் வரும் நாட்களில் மட்டும் எடுத்துவிடுகிறார். அந்த மனிதரோ வெள்ளைவெளேரென்ற தாளைப் பார்த்து, இந்த ஊரிலேயே சுத்தமான மாடி இதுதான் என்று பாராட்டியிருக்கிறார். அந்த வாரமே இரண்டாவது உறை தயாரானது, துவைத்து மாற்றிப் போட.

6. நான்கு மாதம் உறைக்குள் இருந்த கருவி சொன்னதைத்தான் 41ஆம் பக்கத்தில் அச்சடித்திருக்கிறார்கள்: தூசி மிகமிகக் குறைவு, இன்னொரு உலை தாங்கும். இதைச் சகலையிடம் எடுத்துச் சொன்னேன். "உங்களுக்கு வயித்தெரிச்சல், சகலை" என்றார். வயிற்றெரிச்சல் உண்டு. உறையும் உண்டு.

7. என் மனைவி சென்ற ஆண்டு எங்கள் மாடிப்படியில் பதினொன்றாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். இப்போது நான்காவது படி. ஆலை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் அதே 41ஆம் பக்கத்தைக் காட்டி, காற்று சுத்தமாக இருக்கிறது, இது வயதுக் கோளாறு என்று திருப்பி அனுப்பினார். என் மனைவிக்கு வயது நாற்பத்தேழு. (அவரே கேட்டால் நாற்பத்துமூன்று என்று சொல்லிவிடவும்.) என் கடையில் காலையில் துடைத்த கண்ணாடி மதியத்துக்குள் சாம்பல் பூசிக்கொள்கிறது. துடைத்த துணிகளை இணைத்துள்ளேன். அவற்றுக்கு யாரும் உறை போடவில்லை.

8. ஆகவே,
(அ) மேற்படி அளவுகளை ரத்து செய்யவும்,
(ஆ) பதினான்காம் தேதி நடக்கவுள்ள கருத்துக்கேட்புக் கூட்டத்தை, மறு அளவீடு முடியும்வரை தள்ளிவைக்கவும்,
(இ) கருவியை இம்முறை என் வீட்டு மாடியில் வைக்கவும் வேண்டுகிறேன். படியின் கைப்பிடிச் சுவரை என் செலவில் இடித்துத் தரத் தயார்.

9. இதுவரை எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். (இ)-யைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "தங்கச்சி தச்சது வெறும் நாடா வச்ச உறை. நம்ம வீட்டுக்கு வந்தா ஜிப் வச்சே தச்சிருவேன்" என்றார். இடத்தை அளந்து பார்க்க அளவு நாடாவோடு மாடிக்குப் புறப்பட்டவர், நான்காவது படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. பிறகு, மீதியை நீங்களே போய் அளந்துவிடுங்கள் என்று நாடாவை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டு மேலே போனேன். அளக்காமல் இறங்கி வந்தேன். கோரிக்கை (இ)-யை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன்.

10. அதற்குப் பதிலாக மூன்றாம் தெரு லாரி ஓட்டுநரின் மாடியைப் பரிந்துரைக்கிறேன். படி அகலம். அவர் தம் மோட்டார் சைக்கிளையே வாங்கிய நாளிலிருந்து துடைத்து யாரும் பார்த்ததில்லை. கருவி அங்கே நிம்மதியாக அழுக்காகும். அவர்மீது எனக்கு இதுவரை பொறாமை ஏதும் இல்லை. அது வருவதற்குள், பதினான்காம் தேதிக்கும் முன்பாக, தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்த்து ஆவன செய்ய வேண்டுமாய்ப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கடை மேசை, இரண்டாம் தெரு
நாள்: மூன்றாம் தேதி, செவ்வாய்

தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்

இணைப்பு:
1. கடைக் கண்ணாடி துடைத்த துணிகள் – ஏழு (திங்கள் முதல் ஞாயிறு வரை).
2. உறையின் புகைப்படம் – ஒன்று (தொலைநோக்கி வழியே எடுத்தது, ஓரத்தில் தெரிவது என் கட்டைவிரல்).
3. தையல் அளவு நாடா – ஒன்று. மறு அளவீடு முடியும்வரை இது தங்கள் அலுவலகத்திலேயே இருக்கட்டும்.