அப்பா போட்ட வேலிக்குப் பச்சை பெயின்ட்

மாரியம்மன் துணை

மேல் டிவிசன் லயம்,
றக்வான.
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் ஜீவராணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. அம்மன் புண்ணியத்தில் நாங்கள் எல்லோரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அந்த வெயில் தேசத்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு முதுகுவலி இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். முதலில் பிள்ளைகள் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் டிலக்ஷனா ஓ.எல். சோதனையில் தமிழுக்கும் கணக்குக்கும் சிங்களத்துக்கும் ஏ எடுத்துவிட்டாள், பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் அவள் பேரை வாசித்தார்களாம், எனக்கு அதைக் கேட்டதிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை. உன் மகன் ஸ்ரீதரன் இரத்தினபுரியில் நடந்த ஓட்டப்போட்டியில் இரண்டாவதாக வந்தான், முதலாவது வந்த பையன் ஆணி வைத்த சப்பாத்து போட்டிருந்தான், நம்ம பிள்ளை வெறுங்காலோடு ஓடினான், அதனால் உண்மையில் முதலாவது இவன்தான் என்று கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தேன். உன் தம்பி சுமனுடைய சின்னக்குட்டி அபிஷா முன்பள்ளி விழாவில் மயிலாக ஆடினாள், நடுவில் தோகை கழன்று விழுந்தது, எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மிச்சத்தையும் ஆடி முடித்தாள். இந்த லயத்தில் வேறு எந்த வீட்டில் இப்படி மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் சொல்லு.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன், பயப்படாதே, ஆனால் பொறுமையாகப் படி. போனில் பேசினால் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள், சுமனுக்குக் கேட்டால் அவன் மனம் நோகும், அதனால் வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்பிப் போகிற கபூர் முதலாளி மகள் நூரியா கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். வேலை விட்டு நின்ற குடும்பங்களுக்கு வீட்டையும் தோட்டத்தையும் அளந்து உறுதிப் பத்திரம் எழுதித் தரப்போகிறார்கள், அரசாங்கக் காணிக் கந்தோர் ஆட்கள் வருகிறார்கள் என்று போன மாதம் சொல்லியிருந்தேன் இல்லையா. வேலி எங்கே நிற்கிறதோ அதுவரைக்கும் அந்தந்த வீட்டுக்காரருக்கு என்று பேச்சு. நீ உழைத்து அனுப்பிக் கட்டின அறை நம்ம வேலியை ஒட்டித்தானே நிற்கிறது, வேலியை உள்ளே தள்ளினால் அறையும் போய்விடும், அது உனக்கே தெரியும். கந்தோர் ஆட்கள் வரும்போது நம்ம இடம் பார்க்க இலட்சணமாக இருக்கட்டும் என்று எனக்கு ஓர் ஆசை. மற்ற வீட்டுக்காரர்கள் போலவா நாம். உன் அப்பா போட்ட கித்துல் பலகை வேலி கறுத்துப் பாசி பிடித்து நிற்கிறதே, ஒரு பெயின்ட் அடியேன்டா என்று சுமனிடம் சொன்னேன். அவனும் ஆட்டோவை எடுத்துக்கொண்டு பெல்மதுளைக்குப் போய் கபூர் முதலாளி கடையில் பச்சை பெயின்ட் வாங்கினான்.

அந்த மனுசன் அப்போதே சொன்னாராம், மகன் இப்ப அடிக்க வேணாம், அந்தி மழை விடாமப் பெய்யுது, நனஞ்ச மரத்துல பெயின்ட் அடிக்கிறது ஈரச் சட்டைக்கு மேல கோட்டுப் போடுற மாதிரி, உள்ளுக்க இருக்கிற தண்ணி வெளிய வரப் பார்க்கும், பெயின்ட்டைத் தள்ளிப்போடும் என்று. நம்ம ஆட்கள் வருசா வருசம் தீபாவளிக்கு முன்னால் கறையானுக்குப் பயந்து லொறியில் வடித்த பழைய ஒயிலை வேலியில் பூசுகிறோமே, அதையும் கேட்டாராம். ஒயில் பூசின பலகையா, அப்ப சொல்லவே தேவையில்ல, சவர்க்காரத் தண்ணி போட்டுத் தேய்ச்சுக் கழுவு, நல்லாக் காய விடு, பிறகு சுரண்டி அண்டர்கோட் ஒண்டு அடி, அதுக்குப் பிறகுதான் இந்தப் பச்சை, இல்லாட்டி என்ட கடைப் பேரக் கெடுக்காத என்று சொன்னாராம். உன் தம்பி கேட்பானா. பெயின்ட் விக்கிற ஆளே பெயின்ட் அடிக்காதங்கிறாரு, இவரு எப்புடி யாவாரம் பண்றாருன்னு தெரியல என்று சிரித்துக்கொண்டு வந்து டின்னைத் திறந்தான். கழுவவுமில்லை, சுரண்டவுமில்லை, ரோட்டுப் பக்கம் தெரிகிற முகத்துக்கு மட்டும் உச்சி வெயிலில் தடிப்பாக அப்பினான். வெயிலில் மேலே மட்டும் காய்ந்தது, உள்ளே பிசுபிசு என்றுதான் இருந்தது. அந்தியில் மழை வந்து பாதியைக் கழுவிக்கொண்டு தண்ணி ஓடுகிற கானுக்குள் போனது, அடுத்த நாள் அதற்கு மேலேயே இன்னொரு தரம் அடித்தான். நம்ம வீட்டு வெள்ளைக்கோழி வேலிக்குள் நுழைந்து பச்சைக்கோழியாக வெளியே வந்தது, மூக்காயி அக்கா வீட்டுல கோழிக்கும் கல்யாணமா என்று லயம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

மறுநாள் ராமச்சந்திரன் கணக்கப்பிள்ளை ரோட்டில் போனவர் நின்று பார்த்தார். என்ன மூக்காயி, தேயிலைக்குள்ள தள்ளிப் புது வேலி போட்டாச்சு போலருக்கே என்றார். ஐயா இது எங்க வீட்டுக்காரரு இருக்கும்போது போட்டதுங்க, பெயின்ட் மட்டுந்தாங்க புதுசு என்றேன். அவரு போட்ட வேலி இப்புடியா மினுங்கும் என்று கேட்டுவிட்டு நேராகத் தோட்டத்துத் தொர கந்தோருக்குப் போய்விட்டார். அன்று மத்தியானமே ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான், புதன்கிழமை தொரைமார் கந்தோர் ஆட்களோடு வந்து பார்ப்பார்கள், புது வேலி என்று கண்டால் பிடுங்கணும், இந்த வீட்டை அளக்கவும் மாட்டார்கள் என்று. வேலி பழையது என்பதற்கு உன் அப்பாவைத்தான் கூப்பிடணும், போய்ச் சேர்ந்த மனுசனை எங்கே தேடுவது. சுமன் மண்ணெண்ணெயும் கத்தியும் எடுத்துக்கொண்டு எல்லாத்தையும் சுரண்டிடுறேன் என்று இறங்கினான், அவன் பெண்சாதி விஜயகலா குறுக்கே நின்றுவிட்டாள். இப்ப கை வச்சீங்க, களவ மறைக்கிறாங்கன்னு சொல்லுவாங்க, அப்புடியே கெடக்கட்டும் என்றாள். நீ என்ன எனக்குப் புத்தி சொல்றியா என்று அவன் கத்த, வாங்குறப்ப கடைக்காரர் சொன்ன புத்தியக் கேட்டிருந்தா எம் புத்தி எதுக்கு என்று அவள் கேட்க, இரண்டு பேரும் இப்போது பேசுவதில்லை, பிள்ளையை விட்டுத்தான் ஒருத்தருக்கொருத்தர் சொல்லி அனுப்புகிறார்கள். என் மருமகள் சொன்னதுதான் சரி என்று எனக்குப் படுகிறது, ஆனால் நாளைக்கு என்ன ஆகுமோ. பெயின்ட் அடிக்கச் சொன்ன இந்த வாயை என்ன செய்வது. இதற்கு மேல் எழுதக் கை ஓடவில்லை.

புதன்கிழமை அந்தி

மகள், அவர்கள் வந்துவிட்டுப் போனார்கள். சின்னத்தொர, கணக்கப்பிள்ளை, கந்தோரிலிருந்து ஒரு சிங்கள ஐயா. லயமே ரோட்டில் நின்றது. டிலக்ஷனாதான் முன்னால் போய்ச் சிங்களத்தில் பேசினாள், தாத்தா போட்ட வேலி என்று சொன்னாள். அந்த ஐயா வேலியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில் பெயின்ட் கொப்பளமாக நின்றது, நகத்தால் நெம்பினார், வாழைத்தோலை உரிப்பது போல ஒரு முழத்துக்குக் கையோடு வந்துவிட்டது. உள்ளே ஒயில் குடித்துக் குடித்துக் கறுத்த பலகை. அதையும் பேனாக்கத்தியால் சுரண்டினார். அதற்கு அடியில் நீலம். எந்த நீலம் தெரியுமா, நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது தோட்டத்திலிருந்து லயத்துக் கதவுகளுக்கெல்லாம் அடித்தார்களே, மிஞ்சினதை உன் அப்பா வேலிக்குப் பூசினார், அந்த நீலம். எனக்கே மறந்துவிட்டது. கணக்கப்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு நிமிரவே இல்லை, அந்தக் கதவுகளுக்குப் பக்கத்தில் நின்று பெயின்ட் அடிக்க வைத்ததே அவர்தான். மேக்க அலுத் வெட்டக் நெவெய் என்றார் அந்த ஐயா, இது புது வேலி இல்லை என்று டிலக்ஷனா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தமிழில் சொன்னாள். சின்னத்தொர தலையாட்டினார். அங்கேயே டேப்பைப் பிடித்து அளந்தார்கள், உன் அறை முழுசாக உள்ளே. ஒழுங்காகக் கழுவிச் சுரண்டி அடித்திருந்தால் அந்த நீலமும் போயிருக்கும். சுமனிடம் மட்டும் இதைச் சொல்லிவிடாதே, இப்போதே அவன் தன்னால்தான் எல்லாம் நடந்தது என்று நெஞ்சை நிமிர்த்துகிறான்.

உனக்கும் சொல்கிறேன், உன் மேடம் வீட்டு மொட்டை மாடி மர வேலிக்கு நீதான் வார்னிஷ் பூசணும் என்று சொன்னதாகப் போனில் சொன்னாயே. அங்கே மழையில்லை என்று நினைக்காதே, உச்சி வெயிலில் பூசினால் பிரஷ் இழுக்கும்போதே காய்ந்து திட்டுத்திட்டாகப் போகும், வெயில் சாய்ந்த பிறகு பூசு. முதலில் அந்த மணலையும் தூசியையும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிடு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் கொஞ்சம் பூசி நிறத்தைப் பார்த்துக்கொள், தடிப்பாக அப்பாதே, மெல்லிசாக இரண்டு தரம் பூசு. மூக்கில் துணி கட்டிக்கொள், அந்த வாடை உனக்கு ஆகாது.

அளந்து முடித்ததும் அந்த ஐயா உறுதி யார் பேரில் எழுதுவது என்று கேட்டார். நான் சுமனைப் பார்த்தேன். அவன்தானே ஆண்பிள்ளை, கூடவே இருக்கிறவன், என்ன சொல்வானோ. விஜயகலாவும் அவனைப் பார்த்தாள். அக்கா பேர போடுங்க சேர், நான் வெறும் பெயின்ட் அடிச்சதுக்கே இவ்வளவு தூரம் வந்திருச்சு, உறுதி வேற கையில குடுத்தா அவ்வளவுதான் என்றான். விஜயகலா நான்கு நாளைக்குப் பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தாள். நான் வீட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

தம்பிக்கு ஒரு வார்த்தை போனில் நல்லபடியாகச் சொல்லு. நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவாள், நீ நினைத்தது எல்லாம் நடக்கும், நல்லபடியாக வந்து உன் அறையில் படுத்துத் தூங்கு. உறுதிப் பத்திரத்துக்கு உன் போட்டோ வேண்டுமாம். பாஸ்போட்டில் இருக்கிற பழைய படம் வேண்டாம், அதில் பயந்துபோய் நிற்கிறாய். நல்ல சேலை கட்டி, பொட்டு வைத்து, புதுசாக ஒன்று பிடித்துத் தபாலில் போட்டுவிடு, போனில் அனுப்பாதே, கையில் வைத்துப் பார்க்கணும்.

இப்படிக்கு,
உன் அம்மா
இ. மூக்காயி